ராஜாவுக்குச் சொன்ன பதில்

கூடத்துச் சுவரில் இருக்கும் தானியேல் படத்தின் பின்பக்கம் கறையான் ஏறியிருக்கிறது என்று வீட்டில் சொல்லி ஒரு மாதம் ஆகிவிட்டது. போன வாரம்தான் அதைக் கழற்றி, பழைய வேட்டியில் சுற்றி, நாமக்கல் கடைவீதியில் ஒரு பிரேம் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரத் தம்பி பின்பக்க ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பலகையை எடுத்தார். மண்ணும் தூளும் கொட்டின. நல்லவேளை, படத்தை இன்னும் தொடவில்லை.

படத்தைச் சுற்றி ஒட்டியிருந்த பழுப்பு அட்டையை அவர் மெதுவாகப் பிரித்தபோது, அடியில் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை ஓரம் ஒன்று தெரிந்தது. அட்டை இத்தனை காலமும் அதை மூடியிருக்கிறது. அதில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இரண்டு வரி. ஒன்று ஓவியர் பெயர்: பிரிட்டன் ரிவியேர். இன்னொன்று படத்தின் பெயர்: 'ராஜாவுக்குத் தானியேல் சொன்ன பதில்'.

நான் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். இந்தப் படத்தை முதன்முதலில் பார்த்தது 1979இல். அன்று முதல் எனக்கு இது 'சிங்கக் கெபியில் தானியேல்'. இதை வைத்திருந்தவரும் அப்படித்தான் சொல்வார். படத்தின் சொந்தப் பெயர் எங்கள் இருவருக்குமே தெரியாது. அவர் போய்ச் சேர்ந்தும் பல வருடம் ஆகிவிட்டது.

"ஏனுங்க ஐயா, தண்ணி வேணுங்களா?" என்றார் கடைக்காரத் தம்பி.

வேண்டாம் என்றேன். அந்தப் பெயரைப் படித்ததும் எனக்கு ஏன் அப்படி ஆயிற்று என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் பழைய கதை உங்களில் சிலருக்குத் தெரியும். பிறந்தது புதுச்சேரி. படித்தது பிரெஞ்சு வழியில். பள்ளி நூலகத்தில் குஸ்தாவ் தொரே படம் வரைந்த பெரிய பைபிள் ஒன்று இருந்தது. 1866இல் பிரான்ஸில் வெளிவந்த பதிப்பின் படங்கள் அவை. பிரளயம், சிங்கங்கள், இடிந்து விழும் கோயில் என்று எல்லாம் கறுப்பு வெள்ளை. நான் இந்துப் பையன். ஆனாலும் மழை நாட்களில் எங்களுக்கு அதுதான் சினிமா. வகுப்பில் ரசீன் எழுதிய 'எஸ்தேர்', 'அத்தாலி' நாடகங்களைப் பத்தி பத்தியாக மனப்பாடம் செய்ய வைத்தார்கள். இரண்டும் பைபிள் கதைகள். ஆகவே பைபிளின் நாடகக் காட்சிகள் எனக்குச் சின்ன வயதிலேயே பழக்கம், ஆனால் பிரெஞ்சில்.

அப்பா தவறியதும் அம்மா எங்களை நாமக்கல்லுக்கு, என் தாய்மாமன் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். மரவள்ளிக் காடும் லாரிப் பட்டறையும் உள்ள ஊரில் என் பிரெஞ்சை வைத்துக்கொண்டு என்ன செய்வது? டைப்ரைட்டிங் படித்து, தேர்வெழுதி, 1973இல் அரசு வேலைக்கு வந்தேன். தமிழில் தப்பில்லாமல் எழுதுவேன். ஆங்கிலம்தான் தகராறு. அப்போது பாதிக் கோப்புகள் ஆங்கிலத்தில்தான் நடக்கும். நான் எழுதும் ஆங்கிலக் குறிப்பைப் பார்த்து ஆபீஸே சிரிக்கும்.

சிரிக்காதவர் ஒருவர் இருந்தார். 1979இல் சேலத்தில் ஓர் அலுவலகத்துக்கு மாற்றலாகிப் போனேன். அங்கே தலைமை எழுத்தர் அவர். பெயர் வேண்டாம், 'சார்' என்றே சொல்கிறேன். என் குறிப்புகளைச் சிவப்பு மையில் திருத்தி, ஏன் திருத்தினார் என்று பென்சிலில் ஓரத்தில் எழுதித் தருவார். வயதில் எனக்கு இருபது வருடம் மூத்தவர். ஆனாலும் 'வாங்க தம்பி, போங்க தம்பி' என்றுதான் பேசுவார்.

சார் சேலத்துப் பழைய கிறிஸ்தவக் குடும்பம். லண்டன் மிஷன் சேலத்துக்கு வந்தது 1827இல். அந்த வழியில் வந்த வீடுகளில் இங்கிலாந்து ஓவியங்களின் அச்சுப்படங்கள் இருக்கும். விளக்கைக் கையில் பிடித்துக் கதவைத் தட்டும் இயேசு படம் உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அது ஹோல்மன் ஹன்ட் என்ற ஆங்கிலேயர் 1850களில் முடித்த எண்ணெய் ஓவியம். சேலம் கத்தோலிக்க மறைமாவட்டம் 1930இல் அமைந்தபோது முதல் ஆயராக வந்தவர் பிரெஞ்சுக்காரர். ஆக ஒரே ஊரில் எனக்கு இரண்டு பக்கமும் வாசல் இருந்தது. நான் நுழைந்தது இங்கிலாந்து வாசலில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சார் வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். முன்னறையில் இந்தப் படம். அவருடைய அப்பா பிரேம் போட்டு மாட்டியதாம். ஒரு மூலையில் மழைநீர் இறங்கிய கறை. இருட்டான கல்லறை போன்ற இடம். தரையில் எலும்புகள். இடது பக்கம் சிங்கங்கள் கூட்டமாக நிற்கின்றன. வலது பக்கம் நரைத்த தாடியோடு ஒரு கிழவர், கைகள் முதுகுக்குப் பின்னால். சிங்கங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மேலே இருக்கும் ஜன்னலை நிமிர்ந்து பார்க்கிறார். வெளிச்சம் அவர் முகத்தில் விழுகிறது.

"கதை தெரியுங்களா தம்பி?" என்றார்.

தெரியும் என்றேன், பிரெஞ்சில்.

"இது சாமி கதைன்னு நெனச்சுக்கிட்டிருக்கீங்க. இது ஆபீஸ் கதை" என்று சொல்லி விளக்கினார். நாற்பது வருடம் கழித்தும் எனக்கு அது வரிசை தப்பாமல் நினைவிருக்கிறது.

தரியு ராஜாவின் கீழ் 120 அதிகாரிகள். அவர்களுக்கு மேல் மூன்று பேர். அந்த மூவரில் ஒருவர் தானியேல். ராஜா அவரை எல்லோருக்கும் மேலே உட்கார வைக்க நினைக்கிறார். சக அதிகாரிகளுக்குப் பொறுக்கவில்லை. அவர் பார்த்த வேலையில் குற்றம் தேடுகிறார்கள், ஒன்றும் அகப்படவில்லை. அதனால் ஒரு புதிய ஆணையை ராஜாவிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். முப்பது நாளைக்கு ராஜாவைத் தவிர வேறு யாரிடமும், எந்தக் கடவுளிடமும், ஒருவரும் எதையும் வேண்டக் கூடாது. மீறினால் சிங்கக் கெபி. தானியேல் வழக்கம்போல் ஜன்னலைத் திறந்து வைத்து ஜெபம் செய்கிறார். பிடித்துவிடுகிறார்கள்.

"ராஜாவுக்கு அப்பத்தான் புரியுது, தன் கையெழுத்தை வெச்சே தன் ஆளைக் கொல்றாங்கன்னு. பொழுது சாயற வரைக்கும் வழி தேடறாரு. ஆனா அந்த ஊர்ச் சட்டப்படி ராஜா கையெழுத்துப் போட்ட ஆணையை ராஜாவே மாத்த முடியாது. நம்ம ஆபீஸ்ல பார்க்கறமே, மேலதிகாரிக்கு மனசு இருக்கும், ரூல் இருக்காது. கெபி வாசல்ல கல்லை வெச்சு சீலும் வெச்சுட்டாங்க. ராத்திரி முழுக்க ராஜா சாப்பிடலை, தூங்கலை. விடிஞ்சதும் ஓடி வந்து கூப்பிடறாரு. உள்ள இருந்து பதில் வருது."

பெல்ஷாத்சார் விருந்தையும் சார் இப்படித்தான் சொல்வார். எருசலேம் ஆலயத்துப் பாத்திரங்களை ராஜா தன் சொந்த விருந்துக்கு எடுத்துக் குடிக்கிறான். ஒரு கை தோன்றிச் சுவரில் எழுதுகிறது. எண்ணியாயிற்று, நிறுத்துப் பார்த்ததில் குறைகிறது, பங்கு பிரித்தாயிற்று என்ற பொருளில் சில சொற்கள். "ஆடிட் அப்ஜெக்ஷன் தம்பி. கோயில் சொத்துப் பதிவேட்டை யாரோ சரிபார்த்திருக்காங்க" என்பார்.

அந்த விருந்தை ஜான் மார்ட்டின் என்ற ஆங்கிலேயர் வரைந்த ஓவியத்தை 1821இல் லண்டனில் காட்சிக்கு வைத்தபோது, கூட்டம் மேலே விழாமல் இருக்கத் தடுப்பு கட்ட வேண்டியிருந்ததாம். மைல் கணக்கில் நீளும் மண்டபம், ஆயிரக்கணக்கான ஆட்கள், மின்னல் போல ஒரு வெளிச்சம். போட்டோவும் சினிமாவும் இல்லாத காலத்தில் ஜனங்கள் காசு கொடுத்து நின்று பார்த்த சினிமா அது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு பைபிள் படித்தார்கள். கதை எல்லோருக்கும் தெரியும் என்பதால், ஓவியர் எந்த நொடியைப் பிடிக்கிறார் என்பதில்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம் இருந்தது. நம் ஊர்க் கூத்தில் கதை தெரிந்தும் விடியவிடிய உட்கார்ந்து பார்க்கிறோமே, அதே மாதிரி.

ஒருமுறை ஒரு கோப்புக்கு விளக்கம் சொல்ல சாரும் நானும் சென்னைத் தலைமைச் செயலகத்துக்குப் போனோம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கோட்டைக்குள்ளேயே இருக்கும் செயின்ட் மேரி தேவாலயத்துக்கு என்னை அழைத்துப் போனார். 1680இல் கட்டி முடித்து வழிபாடு தொடங்கிய கோயில் அது. பலிபீடத்துக்கு மேலே இயேசுவின் கடைசி இராப்போஜனம், பெரிய எண்ணெய் ஓவியம். வரைந்தவர் யாரென்று உறுதியில்லை. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது கொள்ளைப் பொருளாக வந்தது என்று சொல்வார்கள்.

"உங்க ஊர்ல இருந்து தூக்கிட்டு வந்தது தம்பி. போகும்போது எடுத்துட்டுப் போயிடாதீங்க" என்று சிரித்தார்.

அங்கே உட்கார்ந்துதான் சோஃபனி கதையைச் சொன்னார். யோஹான் சோஃபனி ஜெர்மனியில் பிறந்து லண்டனில் பெயர் வாங்கிய ஓவியர். இந்தியாவுக்கு வந்து, 1787இல் கல்கத்தா செயின்ட் ஜான் தேவாலயத்துக்கு ஒரு கடைசி இராப்போஜனம் வரைந்து கொடுத்தார். அதில் சீடர்களின் முகங்கள் அன்றைய கல்கத்தாவில் இருந்த வெள்ளைக்காரர்களின் முகங்கள். இயேசுவுக்கு உட்கார்ந்தவர் ஒரு கிரேக்கப் பாதிரியார். யூதாசின் முகம் ஊரில் இருந்த ஓர் ஏலக்காரருடையது என்றும், படத்தைப் பார்த்து அவர் கொதித்துப் போனார் என்றும் சொல்வார்கள்.

"இந்த மாதிரிப் படத்தைப் பார்த்தா ஒரு கேள்வி வரணும் தம்பி. இதுல நான் யாரு?" என்றார் சார்.

அப்போது எனக்கு வயது முப்பதுக்குள். தானியேல் படத்தில் நான் யார் என்று கேட்டிருந்தால் தானியேல் என்றே சொல்லியிருப்பேன். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

1983 வறட்சி உங்களுக்கு நினைவிருக்கும். கிணறெல்லாம் கட்டாந்தரை. திருமணிமுத்தாற்றில் மணல் மட்டும். ஏரி தூர்வாருவது, மண் சாலை போடுவது என்று நிவாரண வேலைகள் நடந்தன. கூலிப் பட்டியல்கள் எங்கள் அலுவலகத்துக்கு வரும். ஒரே நாளில் ஒரே ஆட்கள் இரண்டு ஊரில் வேலை செய்ததாக இரண்டு பட்டியலில் கைநாட்டு இருப்பதைச் சார் கண்டுபிடித்தார். பட்டியலைப் பாஸ் செய்யக் கூடாது என்று தன் கையால் ஒரு முழுப் பக்கம் குறிப்பு எழுதினார். கோப்பு என் மேசையில் இருந்தது. குறிப்புப் பகுதிக்குச் சிவப்பு மையில் பக்க எண் போடுவது என் வேலை. அந்தப் பக்கத்துக்கு 14 என்று போட்டேன்.

அன்று மாலை மேலே இருந்த ஒருவர் கோப்பைக் கேட்டு வாங்கிப் போனார். மறுநாள் காலை திரும்பி வந்தபோது சார் எழுதிய பக்கம் இல்லை. நான் 15 என்று போட்டிருந்த பக்கத்தில் 5ஐப் பிளேடால் சுரண்டி 4 ஆக்கியிருந்தார்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தாள் மெலிந்திருப்பது தெரியும். தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். மடித்துக் கட்டி வைத்துவிட்டேன். பணம் பட்டுவாடா ஆகிவிட்டது.

ஏழெட்டு மாதம் கழித்துப் புகார் வந்தது. யாராவது ஒருவர் மாட்டத்தானே வேண்டும். தலைமை எழுத்தர் ஏன் ஆட்சேபிக்கவில்லை என்று கேட்டார்கள். ஆட்சேபித்து எழுதினேன் என்றார் சார். கோப்பில் அப்படி ஒரு பக்கம் இல்லை. 17(ஆ) குறிப்பாணை கொடுத்து அவரைச் சஸ்பெண்ட் செய்தார்கள்.

விசாரணையில் என்னையும் கூப்பிட்டார்கள். பக்க எண்கள் உங்கள் கையெழுத்தா? ஆமாம். பதின்மூன்றுக்கும் இதற்கும் இடையில் வேறு ஒரு பக்கம் இருந்ததா? நினைவில்லை சார். தலைமை எழுத்தர் குறிப்பு எழுதியதைப் பார்த்தீர்களா? நினைவில்லை சார். நன்றாக யோசித்துச் சொல்லுங்கள். நினைவில்லை சார்.

மூன்று முறை. சார் அதே அறையில் எதிரே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். அதில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் இரண்டாவது குழந்தை பிறந்து இருபது நாள். வீட்டு மனைக்குக் கடன் வாங்கியிருந்தேன். கோப்பை வாங்கிப் போனவர் அதே நாற்காலியில்தான் இருந்தார். இதெல்லாம் காரணங்கள். அன்று எனக்குப் போதுமானவையாக இருந்தன.

பேதுருவும் மூன்று முறை தெரியாது என்றான். சேவல் கூவியதும் நினைவு வந்து அழுதான். எங்கள் நாமக்கல்லில் கோழிக்குப் பஞ்சமில்லை. ஆனால் முட்டைப் பண்ணையில் சேவல் வளர்ப்பதில்லை. எனக்கு யாரும் கூவவில்லை.

சார் பதினோரு மாதம் பிழைப்பூதியத்தில் இருந்தார். மகளின் கல்லூரிப் படிப்பு ஒரு வருடம் தள்ளிப்போனது. கடைசியில் இரண்டு வருட ஊதிய உயர்வை நிறுத்தி, வேறு ஊருக்கு மாற்றிப் போட்டார்கள். 1987இல் அங்கேயே ஓய்வு பெற்றார். நான் அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. சேலத்தில் அந்தத் தெரு வழியாகப் பஸ் போனால் இந்தப் பக்கம் திரும்பிக்கொள்வேன். நாமக்கல் 1997இல் தனி மாவட்டம் ஆனதும் இங்கேயே மாற்றல் வாங்கி வந்துவிட்டேன்.

2008இல் நானும் ஓய்வு பெற்றேன். மாலையும் கையுமாக வீட்டுக்கு வந்த அன்று இரவு தூக்கம் வரவில்லை. விடிந்ததும் முதல் பஸ் பிடித்துச் சேலம் போனேன். சாருக்கு அப்போது எண்பது வயது நெருக்கம். தாடி வைத்திருந்தார், முழு நரை. அதே முன்னறை, அதே படம்.

"வாங்க தம்பி. ரிட்டயர்டு ஆயிட்டீங்களா?" என்றார், போன வாரம் பார்த்தவர் போல.

காபி வந்தது. குடிக்காமலே சொன்னேன்.

"சார், அன்னிக்கு விசாரணையில நான் பொய் சொன்னேன்."

"தெரியுமே தம்பி."

"அந்தப் பக்கத்துக்கு நம்பர் போட்டவன் நான், சுரண்டினதைப் பார்த்தவன் நான். நீங்க ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருந்தா உடைஞ்சிருப்பேன். ஏன் சார் கேக்கலை?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "கேக்கலாம்னுதான் இருந்தேன். முந்தின ராத்திரி முழுக்க யோசிச்சேன். உங்களை உள்ள இழுத்துப் போட்டா நான் வெளிய வந்துருவேனான்னு கணக்குப் பார்த்தேன். வரமாட்டேன்னு தெரிஞ்சுது. அந்தப் பக்கம் எரிஞ்சு சாம்பலாகியிருக்கும். அப்புறம் ரெண்டு பேரும் உள்ள கெடப்போம். கைக்குழந்தையோட உங்க சம்சாரம் என்ன பண்ணும்? அதனால விட்டுட்டேன்."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் டம்ளரை என் பக்கம் தள்ளினார்.

"ஆனா ஒண்ணு தம்பி. நீங்க செஞ்சது சரின்னு நான் எப்பவும் நெனச்சதில்லை. அதையும் சொல்லிடறேன். காபி ஆறுது, குடிங்க."

அதற்குப் பிறகு நாலு வருடம் மாதம் ஒருமுறை போய்க்கொண்டிருந்தேன். 2012இல் சார் காலமானார். காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து அவருடைய மகள், படிப்பு ஒரு வருடம் தள்ளிப்போன அதே மகள், ஆட்டோவில் இந்தப் படத்தைக் கொண்டு வந்து பஸ் நிலையத்தில் என்னிடம் கொடுத்தார். "அப்பா உங்களுக்குன்னு சொல்லிட்டுப் போனாங்க அங்கிள்." அவ்வளவுதான் பேசினார். நானும் எதுவும் கேட்கவில்லை.

அன்று முதல் அது என் கூடத்தில் இருக்கிறது. போன வாரம் வரை அதன் பெயர் தெரியாமல்.

வீட்டுக்கு வந்ததும் பேரனைவிட்டுத் தேடச் சொன்னேன். மூலப் படம் இங்கிலாந்தில் மான்செஸ்டர் ஓவியக்கூடத்தில் இருக்கிறது. 1890இல் வரைந்தது. ஏறக்குறைய நான்கு அடி உயரம், ஆறு அடி அகலம். ரிவியேர் 1840இல் லண்டனில் பிறந்து 1920இல் இறந்தவர். மிருகங்களை வரைவதில் பேர் போனவர். இதே தானியேலை 1872இலும் ஒருமுறை வரைந்திருக்கிறார். அதில் தானியேல் நமக்கு முதுகைக் காட்டிச் சிங்கங்களை எதிர்நோக்கி நிற்கிறார். பதினெட்டு வருடம் கழித்து அவரைத் திருப்பி நிறுத்தியிருக்கிறார். இப்போது சிங்கங்களுக்கு முதுகு, வெளிச்சத்துக்கு முகம். ஜான் மார்ட்டினாக இருந்தால் அரண்மனையையே இடித்துக் காட்டியிருப்பார். ரிவியேர் பிடித்த நொடியில் ஒன்றுமே நடக்கவில்லை. ராத்திரி முடிந்துவிட்டது, ஒரு கிழவர் பதில் சொல்கிறார்.

ரிவியேர் என்பது பிரெஞ்சுச் சொல் என்று எனக்கு அப்போதே உறைத்தது. ஆறு என்று பொருள். தேடினால், அவருடைய முன்னோர்கள் பிரான்ஸிலிருந்து 1685இல் வெளியேறிய புராட்டஸ்டன்ட்டுகள். இது எனக்குப் பள்ளிப் பாடம். நான்காம் ஹென்றி 1598இல் நான்த் நகரத்தில் ஓர் ஆணை போட்டு அவர்களுக்கு வழிபாட்டு உரிமை கொடுத்தார். என்றென்றைக்கும் உரியது, திரும்பப் பெற முடியாதது என்று அந்த ஆணையிலேயே இருந்தது. 1685இல் அவருடைய பேரன் பதினான்காம் லூயி அதைத் திரும்பப் பெற்றுவிட்டார். தரியு ராஜாவால் மாற்ற முடியாத ஆணை ஒன்று, மாற்ற முடியாதது என்று எழுதியும் மாற்றிய ஆணை ஒன்று. இரண்டாவதால் துரத்தப்பட்ட குடும்பத்தின் பிள்ளை முதலாவதைப் படமாக வரைந்திருக்கிறார். சார் இருந்திருந்தால் இதைக் கேட்டு ரசித்திருப்பார்.

எங்கள் நாமக்கல் மலையடிவாரத்தில் நரசிம்மர் குகைக்கோயில் இருக்கிறது. ஆயிரத்து இருநூறு வருடப் பழமை. உள்ளே சுவரில் நரசிம்மர் இரணியனைக் கிழிக்கும் சிற்பம். பாறையிலேயே செதுக்கியது. தினமும் காலை நடைப்பயிற்சி முடிந்து அதைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வருகிறேன். அங்கே சிங்கம் வந்து நியாயத்தைச் செய்துவிடுகிறது. தப்பு செய்தவனுக்கு அடுத்த காலை என்று ஒன்று கிடையாது. இந்தப் படத்தில் சிங்கம் ஒன்றும் செய்யவில்லை. அதனால் வெளியே இருப்பவன் விடிந்ததும் வந்து கேட்க வேண்டியிருக்கிறது.

படத்தில் ராஜா இல்லை, கவனித்தீர்களா? பதில் சொல்கிறவர் மட்டும் இருக்கிறார். கேட்டவர் ஜன்னலுக்கு வெளியே எங்கோ நிற்கிறார். தன் கையெழுத்தால் ஓர் ஆள் உள்ளே போனதை அறிந்தவர், ராத்திரி முழுக்கத் தூங்காதவர், விடிந்ததும் ஓடி வந்தவர். அவருக்கு ஒரு ராத்திரிதான். நான் இருபத்தைந்து வருடம் எடுத்துக்கொண்டேன்.

இதில் நான் யாரு என்று அன்று சார் கேட்டதற்கு இப்போதுதான் எனக்கு விடை தெரிகிறது. சாருக்கு 2008இலேயே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் படத்தை எனக்கு எதற்குக் கொடுத்தனுப்புகிறார்?

நேற்று பிரேம் கடைக்கு மறுபடி போனேன். புது அட்டை வெட்டி வைத்திருந்தார்.

"ஐயா, பழைய மாதிரியே கீழே அந்த எழுத்தை மறைச்சு வெட்டிடட்டுங்களா? மறைச்சாத்தான் பார்க்க நல்லாருக்கும்."

"வேண்டாந் தம்பி. தெரியற மாதிரி போடுங்க" என்றேன்.